தாய்மாமன் சிரிக்கவில்லை

எங்கள் வீட்டில் இரண்டு தையல்காரர்கள். நான் துணி தைக்கிறவள், எங்கள் வீட்டுக்காரர் இரும்பு தைக்கிறவர். கல்யாணமான புதிதில் அவரே சொன்ன பேச்சு இது. திண்டுக்கல்லில் எங்கள் தெருவுக்கு வந்து வழி கேட்கிறவர்களிடம் இன்றைக்கும் இதைத்தான் சொல்கிறார். "துணின்னா இந்தப் பக்கம், இரும்புன்னா அந்தப் பக்கம். கிழிசல் எதுலன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க" என்பார்.

வீட்டின் முன்னறை என் தையல்கடை. பக்கத்துக் காலி இடத்தில் தகரக் கூரை போட்டு அவருடைய வெல்டிங் பட்டறை. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஜன்னல். துணியில் கரி பிடிக்கிறது என்று நான் கத்தியதால் அதற்கு நல்ல தடித்த கண்ணாடி போட்டுக் கொடுத்திருந்தார். மெஷினில் உட்கார்ந்தால் அந்த ஜன்னல் வழியாக அவர் தெரிவார். ஒரு வெல்டிங் ராடு எரிந்து முடிந்ததும் முகத்துக்கு முன்னால் பிடித்திருக்கும் கறுப்புக் கண்ணாடியை இறக்குவார். அடுத்த ராடை மாட்டுவதற்கு முன் என் பக்கம் திரும்பி ஒரு கண் அடிப்பார். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த பெண்கள் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். எனக்கு வெட்கமும் கோபமும் சேர்ந்து வரும். கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும், அது தெருவுக்கே தெரியும். ஆனால் அந்தக் கண்ணடிப்பு ஒரு நாள் வராவிட்டால் அன்றைக்கு என் தையல் கோணலாகப் போகும்.

அவர் செய்வது பெரும்பாலும் இரும்புப் பெட்டி. அதில் கஷ்டமான வேலை உள்தட்டு. நான்கு பக்கமும் முதுகும் மூடிய பிறகு பெட்டியைப் படுக்க வைத்து, தலையையும் கைகளையும் உள்ளே விட்டுத்தான் தட்டுகளைப் பத்த வைப்பார்கள். வெல்டிங் வைப்பதற்கு எங்கள் பட்டறைகளில் பத்த வைப்பது என்றுதான் பேர். அவர் உள்ளே போய்விட்டால் வெளியே இடுப்பும் இரண்டு காலும் மட்டும் தெரியும். புகை அவர் கழுத்தைச் சுற்றிக்கொண்டு மெல்ல வெளியே வரும். "வெலையுயர்ந்த பொருளெல்லாம் உள்ளதான் இருக்கு" என்று பெட்டிக்குள்ளிருந்து குரல் கொடுப்பார். அவருடன் வேலை செய்யும் கூட்டாளி, அவரைவிட வயதில் சிறியவர், விழுந்து விழுந்து சிரிப்பார்.

பட்டறைக்கு எதிரே ஓர் இட்லிக்கடை. அந்த அம்மா ஒரு நாள் சண்டைக்கு வந்துவிட்டார். இட்லிச்சட்டியைத் திறக்கிற போதெல்லாம் வெல்டிங் வெளிச்சம் கண்ணில் அடிக்கிறதாம், பொழுது சாய்ந்தால் மணல் விழுந்தாற்போல் உறுத்துகிறதாம். உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கிக் கண்ணில் வைத்துக்கொண்டு படுத்த கதையைத் தெரு முழுக்கச் சொன்னார். எங்கள் வீட்டுக்காரர் அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கப் பிடிக்காத மனிதர். உடனே பட்டறையின் மூன்று பக்கமும் தரையைத் தொடுகிற மாதிரி தார்ப்பாய் கட்டினார். நாலாவது பக்கம் எங்கள் வீட்டுச் சுவர். வெளிச்சம் நின்றது. தெரு அவரைப் புகழ்ந்தது. இட்லிக்கடை அம்மா சமாதானமாக ஒரு பொட்டலம் இட்லி கொடுத்தனுப்பினார். வெளிச்சம் வெளியே போகாத இடத்தில் புகையும் வெளியே போகாது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

புகையைப் பற்றி யாரும் கவலைப்படாததற்கு இன்னொரு காரணம் உண்டு. அதற்கு எங்களிடம் மருந்து இருந்தது. சிறுமலை வாழைப்பழம். பட்டறையில் ஒரு ஆணியடித்து எப்போதும் ஒரு சீப்பு தொங்கும். வேலை முடிந்ததும் ஆளுக்கு இரண்டு பழம் தின்றால் உள்ளே போன புகையைப் பழம் வழுக்கி இறக்கிவிடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பில் பத்த வைத்த நாட்களில் சாயங்காலம் குளிர்க்காய்ச்சல் வந்து பல் கிட்டும். அன்றைக்குப் பழத்தோடு பாலும் சேர்த்துக் கொடுப்பேன். காலையில் காய்ச்சல் போன இடம் தெரியாது. பழத்தின் மேல் எங்களுக்கு இருந்த நம்பிக்கை அப்படி வளர்ந்தது.

பிறகு கண்ணடிப்பு நின்றுபோனது. ஒரே நாளில் நிற்கவில்லை. முதலில் குறைந்தது, பிறகு எப்போதாவது வந்தது, அப்புறம் கண்ணாடியை இறக்கினால் சுவரைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். எனக்கு வயது ஏறிவிட்டது, அதனால்தான் என்று நினைத்தேன். அவருக்கும் வயது ஏறியிருந்தது, ஆனால் அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. வீட்டிலும் அதே முகம்தான். நான் சமைத்த வெஞ்சனத்தை "நல்லாருக்கு" என்று சொல்வார், ஆனால் முகம் துக்க வீட்டில் சாப்பிடுகிற மாதிரி இருக்கும். குரலும் இறங்கிவிட்டது. எதிரே உட்கார்ந்து பேசினாலே இரண்டாம் முறை கேட்க வேண்டியிருந்தது.

நான் சும்மா இருக்கிற ஆளா? "உம்மணாமூஞ்சிக்கு வாக்கப்பட்ட மாதிரி இருக்கு. என்மேல என்ன கோவம்னு சொல்லித் தொலைங்க" என்பேன்.

"கோவமா? எனக்கு ஒண்ணும் இல்லியே புள்ள" என்பார். அதைச் சொல்கிற முகத்திலும் ஒன்றும் இருக்காது. அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பும்.

ஊரில் சிலர் அவர் முதலாளி தோரணைக்கு மாறிவிட்டதாகச் சொன்னார்கள். பழைய ஜோக்குகளையே அசையாத முகத்தோடு, தாழ்ந்த குரலில் சொன்னதால் கூட்டாளிக்கு முன்னைவிடச் சிரிப்பு வந்தது. சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது, அழுத்துகிற பொத்தான் வைத்துக் கொடு என்று வீட்டில் என்னிடம் கேட்டார். சோம்பேறித்தனம் என்று திட்டிக்கொண்டே வைத்துக் கொடுத்தேன். வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறும்போது ஒரு தடவை படியிலிருந்து அப்படியே பின்னால் சாய்ந்தார். பூக்கூடையோடு பின்னால் நின்றவர் தாங்கிப் பிடித்தார். படி உயரம் என்றோம். பட்டறை வாசலில் ஒரு நிமிடம் கால் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்று, பிறகு முன்பாதத்தை ஊன்றிக் குட்டி குட்டியாக அடி வைத்து நடந்தார். செருப்பு சரியில்லை என்று புதுச் செருப்பு வாங்கினோம். ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு பதில் தயாராக இருந்தது.

எல்லாம் சேர்ந்து ஒரு கல்யாணத்தில் வெடித்தது. அவருடைய தங்கை மகளுக்குத் தாடிக்கொம்பு கோயிலில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு பழனிப் பக்கம். எங்கள் வீட்டுக்காரர் பெண்ணுக்கு ஒரே தாய்மாமன். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் முகம் கோணினால் மேளக்காரர்கூட ஒரு நிமிடம் வாசிப்பை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். மாமன் மாலை போட்டுப் பெண்ணை அழைத்து வர வேண்டும். அவர் மனம் குளிர்ந்திருக்கிறது என்பதைச் சபை பார்க்க வேண்டும்.

அவர் பெண்ணை அழைத்து வந்தார். மாலை போட்டார். எல்லா முறையும் செய்தார். முகத்தில் மட்டும் ஈ ஆடவில்லை.

முதலில் அவருடைய தங்கைதான் கவனித்தாள். ஓரமாக இழுத்துப் போய், "அண்ணே, என்ன கொறைன்னு எங்கிட்டச் சொல்லு. சபையில வச்சு இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்காத" என்று கண்ணைத் துடைத்தாள்.

"எனக்கு என்ன கொற. நல்லா சந்தோசமாத்தான் இருக்கேன்" என்றார் அவர், அதே முகத்தோடு.

அவள் நம்பவில்லை. கொஞ்ச நேரத்தில் செய்தி மாப்பிள்ளை வீடு வரைக்கும் போய்விட்டது. தாய்மாமனுக்கு எடுத்த வேட்டி தரம் குறைவு என்று யாரோ காரணம் கண்டுபிடித்தார்கள். இன்னொரு வேட்டி வந்தது. அவர் வாங்கிக்கொண்டார், முகம் மாறவில்லை. பெரிய மாலையாக ஒன்று வந்தது. அதையும் போட்டுக்கொண்டார், முகம் மாறவில்லை. சாய்வு நாற்காலி ஒன்றை மண்டபத்தின் முன்வரிசைக்குக் கொண்டுவந்து போட்டு உட்கார வைத்து, ஃபேனை அவர் பக்கம் திருப்பினார்கள். மாலைக்குள் புதைந்து, இரண்டு வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு, காற்றில் தலைமுடி பறக்க, சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். கடைசியில் மாப்பிள்ளையின் அப்பாவே கைகூப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏனுங்க, எங்க பக்கம் ஏதாச்சும் கொறை வெச்சுட்டமுங்களா? பெரிய மனசு பண்ணிச் சொல்லிப்போட்டீங்கன்னா சரி பண்ணிப்போடலாமுங்க."

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. எல்லாம் ரொம்பச் சிறப்பா இருக்கு" என்றார் எங்கள் வீட்டுக்காரர். அந்தக் குரல் அவருடைய மாலையைத் தாண்டி வெளியே வரவே இல்லை. கேட்ட மனிதர் இன்னும் பயந்துபோய்விட்டார்.

எனக்கு மானம் போனது. வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். போட்டோ எடுக்க எங்களைக் கூப்பிட்டார்கள். மணமக்களுக்குப் பக்கத்தில் நானும் அவரும். போட்டோக்காரர் கேமராவிலிருந்து தலையைத் தூக்கினார்.

"தாய்மாமா, கொஞ்சம் சிரிங்க."

"சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார் அவர்.

கூட்டம் அதை ஜோக் என்று நினைத்துச் சிரித்தது. நான் பக்கத்தில் இருந்தேன். அவர் கை என் கையைப் பிடித்திருந்தது. போட்டோவுக்கு நிற்கும்போது சந்தோஷத்தில் என் விரலை இறுக்கிப் பிடிக்கிற பழக்கம் எங்கள் கல்யாணத்தன்றே அவருக்கு இருந்தது. இப்போதும் அப்படித்தான் பிடித்திருந்தார். திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஜோக் அடிக்கவில்லை. சிரிப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். உள்ளே சிரிக்கிறார், அது வெளியே வந்து சேரவில்லை. இத்தனை நாளும் என்மேல் கோபமில்லை என்று அவர் சொன்னதெல்லாம் உண்மை என்பது எனக்கு அங்கே மண்டபத்தில் வைத்துப் புரிந்தது. என் கோபம் போன இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது.

அடுத்த வாரமே மதுரையில் நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஒரு அம்மா. நிதானமாகப் பேசுகிறவர். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார். எங்கள் வீட்டுக்காரருக்குப் பாதியில் விரல் தயங்கியது. நடக்கச் சொன்னார். பிறகு பின்னால் போய் நின்று, "தோளைப் பிடிச்சு இழுப்பேன், சாயாம நில்லுங்க" என்று மெதுவாக இழுத்தார். அவர் ஓர் அடிகூடப் பின்னால் எடுத்து வைக்காமல் அப்படியே டாக்டர் மேல் சாய்ந்தார். நானும் நர்ஸும் ஓடிப்போய் நிமிர்த்தினோம்.

"பீரோவ எறக்குற மாதிரி பதமா எறக்குனீங்க டாக்டர்" என்றார் அவர். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு ஒரு தாளைக் கொடுத்து, "உங்களுக்குப் பிடிச்ச ஏதாவது ஒரு வரி எழுதுங்க" என்றார்.

அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதினார். என் மனைவி கோபக்காரி, ஆனால் மிகவும் நல்லவள். நல்ல வாக்கியம்தான். 'என் மனைவி' கொட்டை எழுத்தில் இருந்தது. 'கோபக்காரி' தெளிவாக இருந்தது. 'ஆனால்' வந்தபோது எழுத்து பாதியாகியிருந்தது. 'நல்லவள்' எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி ஆகி, படிக்கவே முடியவில்லை.

"திட்டுறதுக்கு மட்டும் கை நல்லா வருது. நல்லவள்னு எழுத வரும்போது மை தீந்துபோச்சாக்கும்" என்றேன்.

டாக்டர் சிரித்துக்கொண்டே தாளை வாங்கினார். வாங்கிப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "என்ன வேலை பார்க்குறீங்க?" என்று கேட்டார்.

அவர் வெல்டிங் என்றார். டாக்டர் தோண்டித் தோண்டிக் கேட்டார். பெட்டிக்குள் தலையை விடுவதைச் சொன்னோம். தார்ப்பாயைச் சொன்னோம். வாழைப்பழத்தையும் பெருமையாகச் சொன்னோம். டாக்டர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார். ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகு எங்களை உட்கார வைத்து விளக்கினார். மூளைக்குள் இரண்டு பக்கமும் ஓர் இடம் வெள்ளையாகத் தெரிந்தது. இரும்பிலும் ராடிலும் மாங்கனீசு என்ற உலோகம் இருக்கிறது. பத்த வைக்கும்போது அது புகையாகிறது. சாப்பாட்டில் கொஞ்சமாக அது உடம்புக்கு வேண்டியதுதான், மிஞ்சினால் கல்லீரல் வெளியே தள்ளிவிடும். மூச்சு வழியாகப் போனால் அந்தக் காவலைத் தாண்டி ரத்தத்தில் கலந்து மூளையில் போய்த் தங்கிவிடுகிறது. நடையையும் கையெழுத்தையும் முகத்தையும் நடத்துகிற இடத்தில் போய் அது உட்கார்ந்துகொள்கிறது.

"அப்ப வாழைப்பழம்?" என்று கேட்டார் அவர்.

"வாழைப்பழம் வயித்துக்குப் போகுது. புகை நுரையீரலுக்குப் போகுது. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்க்கவே பார்க்காது" என்றார் டாக்டர். ஜி.ஐ. பைப்பில் வருகிற காய்ச்சல் துத்தநாகப் புகையால் வருவதாம். பழம் தின்றாலும் தின்னாவிட்டாலும் அது தானாகப் போய்விடுமாம். பழம் சும்மா பேர் வாங்கியிருக்கிறது. "தின்னுங்க, மலச்சிக்கல் வராது" என்று முடித்தார்.

மாத்திரை இதற்குப் பெரிதாகக் கேட்காது என்றும் சொன்னார். புகையை விட்டு விலகுவதுதான் மருந்து. போனதெல்லாம் திரும்பி வரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. விலகினால் பெரும்பாலும் அங்கேயே நிற்கும், சிலருக்கு விலகிய பிறகும் கூடிக்கொண்டே போகலாம். எது என்று கொஞ்ச காலம் கழித்துத்தான் தெரியும். அந்தத் தாளைப் பைலில் வைத்துக்கொண்டு, "அடுத்த தடவை இதே வரியை எழுதச் சொல்வேன். எழுத்து இதைவிடச் சின்னதா ஆகக்கூடாது" என்றார்.

பஸ்ஸில் நான் பேசினேன், நிறையப் பேசினேன். பட்டறையை மூடு, பெட்டிக்கடை வை, என்னோடு சேர்ந்து பொத்தான் கட்டு என்று கொடைரோடு வரைக்கும் வரிசையாகச் சொன்னேன். "இரும்ப விட்டுட்டு நான் என்ன செய்யிறது" என்ற ஒரே பதிலைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக இருந்தது. என் பேச்சு தீர்ந்த பிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "அவனும் அதே புகையிலதானே நிக்கிறான்" என்றார். கூட்டாளியைச் சொன்னார். கூட்டாளிக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது.

விடிந்ததும் தெருவில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். தார்ப்பாயை அறுத்துக்கொண்டிருந்தார். தனக்காகக் கேட்காத மனிதர் இன்னொருவனுக்காகக் கத்தியை எடுத்தார் என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். எப்படியோ எடுத்தாரே என்று காபி போட்டுக் கொடுத்தேன்.

அன்றைக்கே இட்லிக்கடை அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும், "அடப் பாவி மனுசா, என் கண்ணுக்காகவா புகையக் குடிச்ச" என்று அவரையே திட்டினார். பிறகு இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்கள். பத்த வைக்கிற வேலையைக் கொல்லைப்பக்கத் திறந்த வெளிக்கு மாற்றுவது, தெருப் பக்கம் மட்டும் ஒரு தகரத் தட்டி வைப்பது, மற்ற பக்கமெல்லாம் காற்றுக்கு. கூட்டாளிக்குப் புகையைத் தடுக்கிற முகமூடி வாங்கினோம். துண்டைக் கட்டிக்கொண்டால் போதாதா என்று கேட்டவரை நான் பார்த்த பார்வையில் மறுபேச்சு இல்லாமல் மாட்டிக்கொண்டார். எங்கள் வீட்டுக்காரர் ராடைத் தொடுவதில்லை என்று ஏற்பாடு. அளவு எடுப்பது, தகடு வெட்டுவது, கதவு பொருத்துவது, வருகிறவர்களிடம் பேசுவது அவர் வேலை.

ஒன்று மட்டும் தீரவில்லை. உள்தட்டு. கொல்லைக்குப் போனாலும் பெட்டிக்குள் தலையை விட்டால் பழைய கதைதான். கூட்டாளி தலையைக் குனிந்து உள்ளே நுழையப் போனதைப் பார்த்து என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏங்க, எனக்கு ஒரு சந்தேகம். சட்டைப் பைய எப்பத் தைப்போம்? துணியா விரிச்சு வச்சிருக்கும்போது தைச்சுட்டு, அப்புறம் பக்கத்த மூட்டுவோம். யாராச்சும் சட்டைய முழுக்க மூட்டிட்டு, உள்ள தலைய விட்டுப் பையத் தைப்பாங்களா?"

"முதுகு மூடாம தட்டு வச்சா பெட்டி கோணிக்கும் புள்ள."

"நான் கோணாமத் தைக்கலியா? பின்னால பிரிக்கிற ஓட்டுத்தையல் போட்டு நிறுத்திக்கங்க. முதுகக் கடைசியா வெளியிலேர்ந்து மூடுங்க."

அவர் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். மூலைக்கு மூலை குறுக்குக் கம்பி வைத்து லேசாகப் பிடித்து நிறுத்தலாம், கடைசியில் கம்பியைத் தட்டி எடுத்துவிடலாம் என்று கூட்டாளியிடம் சொன்னார். முதல் பெட்டி கொஞ்சம் கோணித்தான் போனது. கதவு மூடவில்லை. தெருவே வந்து பார்த்துவிட்டு, தையல்காரி சொல்லிச் செய்த பெட்டி என்று என்னைக் கேலி செய்தது. நான் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. இரண்டாவது பெட்டி சரியாக வந்தது. மூன்றாவது, உள்ளே தலையை விட்டுச் செய்வதைவிடச் சீக்கிரம் முடிந்தது. கோணல் பெட்டியை நானே எடுத்துக்கொண்டேன், அதில் நூல்கண்டு வைத்திருக்கிறேன்.

வீட்டுக்குள் நாங்கள் ஒரு புதுப் பழக்கம் வைத்துக்கொண்டோம். அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாததை வாயால் சொல்ல வேண்டும். "சிரிக்கிறேன்" என்பார். "இப்பக் கொஞ்சம் கோவம்" என்பார். கேட்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். எனக்கு இத்தனை வருஷத்தில் அவரைப் பற்றித் தெரியாத பல விஷயம் அப்போதுதான் தெரிந்தது. நான் அவருடைய தங்கையைத் திட்டும்போதெல்லாம் அவர் சிரிக்கிறவர். இதை முன்பே தெரிந்திருந்தால் இன்னும் நன்றாகத் திட்டியிருப்பேன்.

தங்கை வீட்டுக்கும் உண்மையைச் சொன்னோம். அவள் அழுது முடித்த பிறகு, அந்த இரண்டாவது வேட்டியைத் திருப்பித் தரலாமா என்று கேட்டேன். மாப்பிள்ளையின் அப்பா போனில், "அட அத வெச்சுக்கச் சொல்லுங்க, அவரு சந்தோசமா இருந்தாருன்னு தெரிஞ்சதே எங்களுக்குப் போதுமுங்க" என்றாராம். கல்யாண ஆல்பத்தில் எல்லோரும் பல்லைக் காட்டுகிற போட்டோவுக்கு நடுவில் எங்கள் வீட்டுக்காரர் மட்டும் கோபமாக நிற்கிறார். எனக்கு இப்போது அது கோபமாகத் தெரிவதில்லை. அவர் பிடித்திருக்கிற என் விரலைத்தான் முதலில் பார்க்கிறேன்.

கையெழுத்துக்கு டாக்டர் ஒரு வழி சொல்லியிருந்தார். மேலும் கீழும் கோடு போட்டு நடுவில் எழுதினால் எழுத்து சுருங்காமல் இருக்குமாம். சாயங்காலம் ஆனால் தையல் சாக்பீஸால் ஒரு தகட்டில் இரண்டு கோடு இழுத்துக் கொடுப்பேன். அவர் நடுவில் எழுதுவார், அதே வரி. கோடு இருந்தால் கடைசி வரைக்கும் வரும். கோடு இல்லாமல் எழுதிப் பார்க்கச் சொன்னால் மாட்டேன் என்பார். டாக்டர் கோடு போட்டுத் தர மாட்டார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அதனால் அதைப் பற்றிப் பேசாமல் இருந்தோம்.

மறுபடியும் மதுரைக்குப் போகிற நாள் வந்தது. காலையிலிருந்தே நான் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். கண்டக்டரைத் திட்டினேன், டோக்கன் கொடுத்த பெண்ணைத் திட்டினேன். எழுத்து சின்னதாகிவிட்டால் என்ன செய்வது என்பதைத் தவிர என் மனதில் வேறொன்றும் இல்லை. டாக்டர் கோடில்லாத வெள்ளைத் தாளை அவர் முன்னால் வைத்தார்.

அவர் எழுத ஆரம்பித்தார். 'என் மனைவி' வந்தது. 'கோபக்காரி' வந்தது. 'ஆனால்' என்ற இடத்தில் எழுத்து குறைய ஆரம்பித்தது. அவர் பேனாவைத் தூக்கினார். தாளில் இல்லாத ஒரு கோட்டைப் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மீதியை எழுதினார்.

டாக்டர் பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். புதிதில் கடைசி வார்த்தை சின்னதுதான், ஆனால் படிக்க முடிந்தது. "மிகவும் நல்லவள்" என்று டாக்டர் சத்தமாகப் படித்தார். "கூடல. நின்னிருக்கு. இப்படியே போகட்டும், புகைப் பக்கம் மட்டும் போகாதீங்க" என்றார்.

எனக்குக் கண்ணிலிருந்து கொட்ட ஆரம்பித்துவிட்டது. முந்தானையால் துடைக்கத் துடைக்க வந்தது. அவர் அசையாத முகத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன புள்ள, நல்லவள்னு எழுதியிருக்கேன். செத்த சிரிக்கலாம்ல?"

"சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றேன்.